றூமுக்குக் காசு வாங்கினால் நித்திரையையும் கொடுக்க வேணும்



நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இன்னும் கன நாள் இல்லை. கொடியேறினால் 25 நாள் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கனடா, லண்டன், சுவிஸ் என்று வெளியில் இருக்கிற எங்கள் சனம் வரும். கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் பாதி வீடு தங்குமிடமாக மாறிவிடும். அந்த நேரத்துக்கு முன் எழுதினால்தான் பிரயோசனம் என்று, போன வருடத்திலிருந்து மனதில் கிடந்த ஒரு விசயத்தை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

என்னுடைய மாமி ஒருவர் புத்தளத்தில் இருக்கிறா. வயது எழுபத்திரண்டு. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட எங்கள் சனத்தோடு சோனகதெருவில் இருந்து போனவ. சண்டை முடிந்த பிறகு மூன்று தரம் வந்திருக்கிறா. மூன்று தரமும் இரவு பஸ்ஸில் வந்து, பகல் முழுக்கச் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு, அடுத்த இரவு பஸ்ஸிலேயே திரும்பிவிட்டா. ஊரில் ஒரு இரவு படுத்து எழும்பியதில்லை. போன வருடம் ஃபோனில் கேட்டா: "ஒரு ராவாவது ஊரில நித்திரை கொண்டு எழும்ப வேணும் மகள். ஏலுமா?"

எங்கள் வீட்டில் அந்த நேரம் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் நல்லூரில் ஒரு தங்குமிடத்தில் இரண்டு இரவுக்கு றூம் எடுத்தேன். மாமியைத் தனியே விட முடியாது என்று நானும் கூடப் படுத்தேன். ஒரு இரவுக்கு அவர்கள் எடுத்தது என்னுடைய மூன்று நாள் சம்பளம். திருவிழாக் காலம்தானே, அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. இடத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. இது ஒரு இடத்தின் பிழை இல்லை. இப்போது எங்கள் ஊரில் றூம் வாடகைக்கு விடுகிற முறையில் இருக்கிற பிழை.

முதல் இரவு. றூம் மேல்மாடியில், பிளேட்டுக்கு நேர் கீழே. சுவர் மேற்குப் பக்கம். பின்னேரம் ஆறு மணிக்கு உள்ளே போனபோது சுவரில் கை வைத்தால் சுட்டது. ஏசி இருந்தது. றூம் காட்டிய தம்பி 18 இல் போட்டுவிட்டு, "ஃபுல் கூல் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏசி கட்டிலுக்கு நேர் மேலே. அரை மணித்தியாலத்தில் மாமிக்கு முழங்கால் இழுக்கத் தொடங்கிவிட்டது. போர்வை கேட்டோம். மெல்லிய விரிப்பு ஒன்று வந்தது. ஏசியை நிற்பாட்டினோம். இருபது நிமிசத்தில் அடுப்புக்குள் இருப்பது போல ஆகிவிட்டது. யன்னலைத் திறந்தோம். பக்கத்துக் கல்யாண மண்டபத்து சவுண்ட் பொக்ஸ் நேரே உள்ளே வந்தது. பதினொன்றரை மட்டும் பாட்டு. அது முடிந்து கண் அயரும்போது, ஒரு மணிக்கு வந்த ஒரு கூட்டம் கொரிடோரில் நின்று எந்த றூம் ஆருக்கு என்று பிரித்தது. நாலு மணிக்குத் தண்ணி மோட்டர். அது எங்கள் தலைமாட்டுச் சுவரில்தான் பூட்டியிருந்தது.

விடிய மாமி கட்டிலில் இருந்தபடி சொன்னா: "பரவாயில்ல மகள். நித்திரை வரேல்ல. ஆனா ஊரிலதானே முழிச்சிருந்தன்."

இதற்கு நான் என்ன மறுமொழி சொல்ல? முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்து வந்த மனுசி. நான் காசு கொடுத்து எடுத்துக் கொடுத்தது ஒரு கட்டிலும் நாலு சுவரும். அவ கேட்டதோ ஒரு நித்திரை.

அன்று முழுக்க இதைத்தான் யோசித்தேன். எங்கள் ஊரில் றூம் விளம்பரங்களைப் பாருங்கள். ஏசி, வைஃபை, சுடுதண்ணி, டிவி, பார்க்கிங், கோயிலுக்கு இரண்டு நிமிச நடை. எல்லாம் இருக்கும். "இரவில் அமைதி" என்று ஒரு விளம்பரமும் நான் கண்டதில்லை. சாப்பாட்டுக் கடையில் சோறு வேகாவிட்டால் காசு கொடுக்க மாட்டோம். றூமில் நித்திரை வராவிட்டால், "புது இடம்தானே, அப்பிடித்தான்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு காசைக் கட்டிவிட்டு வருகிறோம். என்னுடைய கருத்து நேரானது: றூமை வாடகைக்கு விடுகிறவர் விற்பது நித்திரையை. கட்டில், ஏசி, சுவர் எல்லாம் அந்த நித்திரைக்காகத்தான். சத்தத்தையும் சூட்டையும் கவனிக்காமல் றூம் விடுவது, எடை குறைத்து அரிசி விற்பது மாதிரி.

"புது இடத்தில் நித்திரை வராது" என்பதில் உண்மை இருக்கிறது. 2016 இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். புதிய இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதியைப் போல ஆழமாக நித்திரைக்குப் போகவில்லை, பழக்கமில்லாத சத்தம் கேட்கிறதா என்று காவல் இருக்கிறது என்று கண்டார்கள். அப்படியென்றால் விருந்தாளிக்கு முதல் இரவுதான் ஆக மெல்லிய நித்திரை. வீட்டில் காதில் விழாத கதவுச் சத்தம் அங்கே எழுப்பிவிடும். ஆகவே "புது இடம்தானே" என்பதைச் சாட்டாகச் சொல்ல முடியாது. அந்த ஆளை இன்னும் கூடக் கவனிக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வகுப்பில் வெப்பக் கடத்தல் சொல்லிக் கொடுக்கும்போது எங்கள் பிளேட் வீடுகளைத்தான் உதாரணம் காட்டுவேன். கொங்கிறீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுதுபட்ட பிறகு ஆறுதலாக உள்ளே விடும். நடுச்சாமம் மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். ஓகஸ்ட் மாதத்தில் வெளியிலேயே இரவு வெப்பநிலை 26, 27 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. எங்கள் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இதைப் படித்துக் கட்டவில்லை, பட்டுக் கட்டினார்கள். ஓட்டுக் கூரை, உயர்ந்த முகடு, நாற்சார் முற்றம், சோளகம் நுழைகிற விறாந்தை. நான் வளர்ந்தது புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில். அங்கே கஷ்டம் ஆயிரம் இருந்தது. ஆனால் பிளேட்டுக்குக் கீழே வேகிற மாதிரி அந்தக் கிடுகுக்குக் கீழே ஒரு இரவும் வேகவில்லை.

நித்திரை வருவதற்கு உடம்பின் உள் வெப்பநிலை கொஞ்சம் இறங்க வேண்டும். இரவில் ஏறத்தாழ ஒரு பாகை இறங்கும். உடம்பு அந்தச் சூட்டைக் கை, கால் தோல் வழியாகத்தான் வெளியே விடுகிறது. றூம் அதிகம் சூடென்றால் வெளியே விட இடமில்லை, புரண்டு கொண்டிருப்போம். அதிகம் குளிரென்றால் கால் விறைத்துப்போய் அந்த வழியும் அடைபட்டுவிடும். வயது போனவர்களுக்கு இந்தச் சமநிலை இன்னும் சிரமம். வெள்ளைக்காரரின் புத்தகங்களில் 18 பாகை நல்லது என்று எழுதியிருப்பார்கள். அது தடித்த பஞ்சுப் போர்வைக்குள் படுக்கிற குளிர்நாட்டுக் கணக்கு. ஒரு மெல்லிய விரிப்போடு படுக்கிற எங்களுக்கு அது பொருந்தாது. இந்தியாவில் 2020 தொடக்கம் நட்சத்திர முத்திரையுள்ள ஏசிகள் போட்டவுடன் 24 இல் தொடங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரு பாகை கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 வீதம் மின்சாரம் மிச்சம் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. 26 இல் ஏசியைப் போட்டு, மேலே ஃபேனை மெதுவாகச் சுழல விட்டால், காற்று அசைவதால் உடம்புக்கு இரண்டு மூன்று பாகை குறைவாகத் தெரியும். முழங்காலும் இழுக்காது. முதலாளிக்குக் கரண்ட் பில்லும் குறையும். அப்படியிருக்க 18 இல் போட்டுக் காட்டுவது ஆருக்காக?

இனிச் சத்தம். உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட வழிகாட்டலில், படுக்கை அறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, இடையிடையே வரும் தனிச் சத்தம் 45 ஐத் தாண்டக்கூடாது என்று சொன்னது. 30 என்றால் குசுகுசுப்பு. சாதாரணமாகக் கதைப்பது 60 அளவில் வரும். பத்து டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. மாநகர சபை, நகர சபைப் பகுதிகளில் பகலில் 63, இரவில் 50 டெசிபல். பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. கோயிலடி யாழ் மாநகர சபைக்குள் வருகிறது. திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் நல்லூர் பிரதேச சபை. அங்கே தங்குமிடம் நடத்துகிறவர்கள் தங்கள் இலக்கம் எது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஜெனறேற்றர் வைத்திருப்பவர்கள் முக்கியமாக.

அடுத்ததை எழுதுவதற்குக் கொஞ்சம் யோசித்தேன். பிறகு, எழுதாவிட்டால் நேர்மையில்லை என்று எழுதுகிறேன்.

இரவு பத்து மணி தொடக்கம் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கக்கூடாது என்று எங்கள் நாட்டு உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் உத்தரவிட்டது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா இருந்த காலம். விசேட சமய நிகழ்வுகள் போன்றவற்றுக்கு, அயலில் இருக்கிறவர்களின் விருப்பத்தைக் கேட்டறிந்த பிறகு மட்டும், மட்டுப்படுத்திய நேரத்துக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. கேட்க விரும்பாத ஒருவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த வழக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய பிரச்சினையில் இருந்து. எங்கள் ஆட்கள் போட்ட வழக்கு. தீர்ப்பு அவர்கள் கேட்டபடி வரவில்லை. ஆனால் அதனால் நாட்டில் உள்ள எல்லாருக்கும் இரவில் எட்டு மணித்தியாலம் கிடைத்தது.

ஆகவே மண்டபத்துப் பாட்டைப் பற்றி எழுதுகிற நான் முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். பாங்கு இரண்டு மூன்று நிமிசம். அதைப் பற்றி நான் கதைக்கவில்லை. ஆனால் சுபஹு நேரத்தில் வெளி ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாங்கின் மரியாதை குறைந்துவிடாது. பயானும் நிகழ்ச்சியும் உள்ளே இருக்கிற ஸ்பீக்கரில் போனால் போதும். உள்ளே வந்தவர்களுக்குத்தானே அது. நபி (ஸல்) அவர்கள் இரவில் வந்தால், விழித்திருப்பவருக்குக் கேட்கும், தூங்குகிறவரை எழுப்பாத அளவில் ஸலாம் சொல்வார்கள் என்று ஹதீஸில் இருக்கிறது. ஸலாமுக்கே அந்தக் கவனம் என்றால் மற்றதுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்? எங்கள் பள்ளி நிர்வாகத்தினர் இதை வாசித்தால் கோபப்பட வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைதான் சொல்கிறது.

கோயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் கோயில் மணியைக் குறை சொல்லவில்லை. மாமி கேட்க விரும்பிய சத்தங்களில் அதுவும் ஒன்று. நல்லூர்க் கோயில் நேரம் தவறாமைக்குப் பெயர் போனது. பூசை நேரம் எல்லாருக்கும் தெரியும். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றி வாகனம் விடாமல் வீதியை மூடுகிறார்கள். எப்போது வரும், எப்போது முடியும் என்று தெரிந்த சத்தத்துக்கு மூளை பழகிவிடும். எழுப்புவது எதிர்பாராத சத்தம்: ஐஸ்கிறீம் விற்கிற வண்டியின் பாட்டு, விளம்பர ஓட்டோ, சைலன்சர் கழற்றிய மோட்டச் சைக்கிள், ஒரு மணிக்குக் கொரிடோரில் கதைக்கிற கூட்டம். கோயிலின் ஒழுங்கில் கால்வாசி எங்களுக்கு இருந்தால் போதும்.

சிலர் கேட்பார்கள்: "திருவிழாவுக்கு வந்த சனம் நித்திரை கொள்ளவோ வந்தது?" நான் கேட்கிறேன்: றூமில் படுத்திருப்பவர் எல்லாம் திருவிழாவுக்கா வந்தவர்? போதனா வைத்தியசாலையில் தாயைச் சேர்த்துவிட்டு, இரவு அங்கே நிற்க விடாததால் வந்து படுத்திருக்கும் மகன் இருப்பார். விடைத்தாள் திருத்த வெளிமாவட்டத்தில் இருந்து வந்த ஆசிரியர் இருப்பார். விடிய நாலரைக்குப் பூசை பார்க்க எழும்ப வேண்டிய வயோதிபர் இருப்பார். என் மாமி மாதிரி ஆட்களும் இருப்பார்கள். சரி, திருவிழாவுக்கே வந்தவராக இருக்கட்டும். பகல் முழுக்கச் சுடுமண்ணில் வெறுங்காலோடு நடந்தவருக்கு இரவில் ஐந்து மணித்தியால நித்திரை தேவையில்லையா?

இன்னும் சிலர், "குறைஞ்ச வாடகைக்கு இவ்வளவுதான் தரலாம்" என்பார்கள். இதற்குத்தான் எங்கள் இரண்டாவது இரவைச் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் காலையில் கீழே போய் மனேஜர் தம்பியோடு கதைத்தேன். சண்டை பிடிக்கவில்லை. நடந்ததை நேர ஒழுங்கில் சொன்னேன். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவர் சொன்ன மறுமொழி எனக்குப் பிடித்தது: "ரீச்சர், உண்மையச் சொன்னா நான் ஒருநாளும் அந்த றூமில படுத்துப் பாக்கேல்ல." பிறகு அவரே ஓடித் திரிந்தார். கீழே பின்பக்கத்தில், வளவில் மாமரம் நிற்கிற பக்கம், சின்ன றூம் ஒன்று இருந்தது. டிவி இல்லை என்றபடியால் அதை ஒருவரும் கேட்பதில்லையாம். அதற்கு மாறினோம். கட்டிலை ஏசியின் காற்று நேரே படாத பக்கம் இழுத்துப் போட்டோம். 26 இல் வைத்து, ஃபேனை ஒன்றில் விட்டோம். தடித்த போர்வை ஒன்று அவருடைய வீட்டில் இருந்து வந்தது. கதவுக்குக் கீழே இருந்த நீக்கலில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்தேன். தண்ணித் தாங்கியை இரவு ஒன்பது மணிக்கே நிரப்பி, மோட்டரை ஆறு மணிக்குப் பிறகுதான் போடுவதென்று தம்பி முடிவெடுத்தார். பின்னேரம் மண்டபத்துக்காரருக்கும் ஃபோன் எடுத்து, "பத்து மணிக்குப் பிறகு பொக்ஸைக் கொஞ்சம் குறையுங்கோ அண்ணை, இங்க வருத்தக்கார அம்மா ஒராள் இருக்கிறா" என்றார். மாமிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பொய்க்காக நான் அவரைக் கண்டிக்கவில்லை. பத்தே கால் போலச் சத்தம் இறங்கியது.

மொத்தச் செலவு எவ்வளவு? ஒரு ஃபோன் கோல்.

இந்த அனுபவத்தில் இருந்து சில விசயங்களைச் சொல்கிறேன். முதலில் தங்குமிடம் நடத்துகிறவர்களுக்கு.

வயது போனவர், சின்னப் பிள்ளையோடு வருகிறவர் என்றால் மேல்மாடி, வீதிப் பக்க றூம்களைக் கொடுக்காதீர்கள். பிளேட்டுக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். ஏலாவிட்டால் கிடுகு பரப்புங்கள், எங்கள் ஆட்கள் முந்திச் செய்ததுதான். கதவு மூடும் இடத்தில் ஒரு றப்பர்ப் பட்டி ஒட்டினால் டமார் என்ற சத்தம் நிற்கும். சத்தம் சுவரால் வருவதை விட நீக்கலால் வருவதுதான் கூட. ஏசியின் வெளிப்பெட்டி அதிர்ந்தால் அடியில் றப்பர்க் கட்டை வையுங்கள். மோட்டரும் ஜெனறேற்றரும் கட்டில் இருக்கிற சுவரில் வேண்டாம். பத்து மணிக்குப் பிறகு கொரிடோரில் கதைக்க வேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மட்டை எழுதித் தூக்குங்கள். உங்கள் பெடியளுக்கும் சொல்லுங்கள். பாதி நேரம் சத்தம் போடுவது விருந்தாளி இல்லை, ஃபோனில் வீடியோ பார்க்கிற எங்கள் பெடியள்தான். ஒவ்வொரு றூமிலும் ஒரு தடித்த போர்வை வையுங்கள்.

வெளியூரில் போய்த் தங்குகிற எங்களுக்கும் சில பழக்கம் வேண்டும். புக் பண்ணும்போதே கேளுங்கள்: எந்த மாடி, எந்தத் திசை, பக்கத்தில் மண்டபம் இருக்கா, ஜெனறேற்றர் எங்கே. கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. போனவுடன் பையை அவிழ்க்க முதல் ஏசியைப் போட்டுப் பாருங்கள், யன்னல் பூட்டுகிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். ஏசி றிமோட்டில் நித்திரைக்கென்று ஒரு பொத்தான் இருக்கும். நேரம் போகப் போகச் சூட்டை அதுவே கொஞ்சம் கூட்டிவிடும். வேர்வைதான் பிரச்சினை என்றால், ஈரத்தைக் குறைக்கிற முறையில் போடுங்கள். மழை நாட்களுக்கு அது நல்லது. பாமசியில் பஞ்சு மாதிரியான காதடைப்பான் வாங்கலாம். விரலால் உருட்டி ஒடுக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அரை நிமிசம் அமத்திப் பிடிக்க வேண்டும். சும்மா வாயிலில் வைத்தால் வேலை செய்யாது. ஆட்கள் கதைக்கிற சத்தத்துக்கு அது நல்லது. சவுண்ட் பொக்ஸின் இடிக்கு அவ்வளவு கேட்காது. அதற்கு ஃபேன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பது உதவும்.

நாங்களும் மற்றவர் நித்திரையைக் கெடுக்கிறவர்கள்தான் என்பதையும் மறக்கக்கூடாது. கொழும்புக்குக் கல்யாணத்துக்குப் போய், லொட்ஜில் இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த றூமில் இருந்து அந்த றூமுக்குக் கூப்பிட்டுக் கதைத்தது நாங்கள்தானே? நானும் செய்திருக்கிறேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஆர் படுத்திருந்தார் என்று நான் யோசித்ததே இல்லை.

இந்த ஊருக்குச் சத்தம் என்றால் என்னவென்று தெரியும். தொண்ணூறுகளில் பல வருடம் கரண்டே இல்லாமல், ஹெலியும் ஷெல்லும் கேட்டுக்கொண்டு படுத்த கதைகளை என்னோடு படிப்பிக்கிற ரீச்சர்மார் சொல்லுவார்கள். நாங்கள் அந்த நேரம் இங்கே இல்லை. எங்கள் இரவுகள் வேறு மாதிரி. ஆனால் நித்திரை இல்லாத இரவு என்றால் என்ன என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அப்படி இருந்த ஊர், வந்து படுக்கிறவருக்கு ஒரு அமைதியான இரவைக் கொடுக்க முடியாதென்றால் அது பெரிய குறை.

இரண்டாம் இரவு மாமி பத்தரைக்குப் படுத்தா. நாலே முக்கால் போலப் பாங்கு தூரத்தில் கேட்டது. நான் எழுப்பத்தான் எழும்பினா. தொழுதுவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்து மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தா. கோயில் மணி கேட்டது. தம்பி தேத்தண்ணி கொண்டுவந்து, "அம்மா, நித்திரை கொண்டீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் மகன். நல்லாக் கொண்டன்" என்றா. பிறகு என்னைப் பார்த்து, "இனி அடுத்த முறை நாலு நாள் நிக்கலாம்" என்றா.

தங்குமிடம் வைத்திருக்கிற என் அயலவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். கொடியேற முதல், உங்கள் இடத்தில் ஆகக் குறைந்த வாடகை றூம் எதுவோ, அதில் நீங்களே ஒரு இரவு படுத்து எழும்புங்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் படுத்தால் இன்னும் நல்லது. விடிய எதை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு இந்த ரீச்சரின் எழுத்து தேவைப்படாது.

பிழையாக எதையும் எழுதியிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். எல்லாருக்கும் நல்ல இரவுகள் கிடைக்கட்டும். வஸ்ஸலாம்.